ஜீரோ கிராவிட்டி சேர்: கால் நீட்ட ஓகே, வயசு குறையும்னு சொன்னது டூப்பு

சாயங்காலம் ஆனா அப்பாவுக்கு ரெண்டு காலும் வீங்கிடும், அதுக்காக வாங்கினது, ஆறு மாசம் ஆச்சு. கம்பெனி பேர் வேணாம், இந்த சேர் விக்கிறவங்க பாதி பேர் ஒரே பாட்டத்தான் பாடறாங்க, விண்வெளி வீரர் மாதிரி எடையில்லாம மிதக்கலாம், வயசாகறத தள்ளிப்போடலாம்னு.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல போயிடுது, வீக்கம் நல்லாவே வடியுது, அப்பா மத்தியானம் இதுல சாஞ்சார்னா அம்மா நாலு தடவ கூப்பிட்டாலும் காதுல விழாது. துணிய இழுத்துக் கட்டற கயிறு மட்டும் மூணாவது மாசமே தொங்கிடுச்சு.

'ஜீரோ கிராவிட்டி'ங்கற பேருக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. 1970கள்ல ஸ்கைலேப்ங்கற விண்வெளி நிலையத்துல இருந்தவங்க உடம்ப தளர விட்டப்ப எப்படி மடங்கி நிக்குதுன்னு நாசா பாத்துச்சு, முதுகுக்கும் தொடைக்கும் நடுவுல சுமாரா 128 டிகிரி வந்துச்சு. சேர் காப்பியடிக்கறது அந்த மடிப்ப மட்டுந்தான், நம்ம எடை அப்படியே இருக்கு, பாவம் அந்த கயிறு சுமக்குது.

இப்ப வயசு மேட்டருக்கு வரேன். நிஜமாவே எடையில்லாம இருந்தா நடக்கறது நேர் எதிர்ங்க, இடுப்பு எலும்பு மாசத்துக்கு 1லேர்ந்து 1.5 சதவீதம் கரையும், இங்க வயசானவங்களுக்கு வருஷம் முழுக்க கரையறதே ஏறக்குறைய அவ்ளோதான், அதனாலதான் மேல இருக்கறவங்க தினம் ரெண்டு மணி நேரம் எக்சர்சைஸ் பண்ணியே ஆகணும். 1998ல விண்வெளி வீரர் ஜான் க்ளென்ன 77 வயசுல மேல அனுப்பினதுக்கு நாசா சொன்ன காரணமே, அங்க உடம்புக்கு ஆகறதும் வயசானா ஆகறதும் எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்கத்தான்.

இத கஸ்டமர் கேர்ல கேட்டேன், அந்தப் பையன் அசரல, "ஸ்காட் கெல்லிக்கு டெலோமியர் நீண்டுச்சே சார்"னான். நீண்டுச்சு தம்பி, அந்த நாசா வீரர் விண்வெளில 340 நாள் இருந்தப்ப, டெலோமியர்ங்கற, வயசாக ஆக தேயற குரோமோசோம் நுனி சராசரியா நீளமாச்சு, ஆனா தரைக்கு வந்த ரெண்டு நாளுக்குள்ள பெரும்பாலும் சுருங்கிடுச்சு, போறதுக்கு முன்ன இருந்தத விட குட்டையான நுனிங்க கூட அதிகமாச்சு, 2019ல வந்த ரிசல்ட் அது. லைன கட் பண்ணிட்டான்.

என்னை பயமுறுத்தினது வேற. 1966ல டல்லாஸ்ல இருபது வயசுப் பசங்க அஞ்சு பேர மூணு வாரம் படுக்கையிலயே வெச்சாங்க, முப்பது வருஷம் கழிச்சு அதே அஞ்சு பேர திரும்ப சோதிச்சா, முப்பது வருஷ வயசு அவங்க தெம்ப குறைச்சத விட அந்த மூணு வாரப் படுக்கை அதிகமா குறைச்சிருக்கு! படிச்ச அன்னிக்கே போய் அப்பாவ எழுப்பிட்டேன், செம திட்டு. இப்போ காலைல நடந்துட்டு வந்தா அரை மணி, சாயங்காலம் அரை மணி, அவ்ளோதான் சேர்.

மூணு ஸ்டார். வாங்கறவங்க ஸ்பேர் கயிறு சேத்தே கேளுங்க, அப்புறம் மொட்டை மாடில வெயில்ல விட்டுடாதீங்க, கைப்பிடி கம்பி சுட்டுடும்.