சென்னை வெயிலுக்கு எந்த விமான இன்ஜின்: 7:1-ஆ, 10.5:1-ஆ? காற்றா, கூலன்ட்டா?

நம்ம ஊர்ப் பக்கம் தயாராகும் இரண்டு ராயல் என்ஃபீல்டு வண்டிகளைப் பாருங்கள். கிளாசிக் 350 காற்றிலும் ஆயிலிலும் குளிர்வது, கம்ப்ரஷன் (பெட்ரோல்-காற்றுக் கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) 9.5:1. ஹிமாலயன் 450 கூலன்ட்டில் குளிர்வது, கம்ப்ரஷன் 11.5:1. ஹெட்டின், அதாவது சிலிண்டரின் மேல்மூடியின், சூட்டை எவ்வளவு நன்றாக வெளியேற்ற முடிகிறதோ, அந்த அளவுக்குக் கலவையை அழுத்தலாம். சொந்தமாகச் சின்ன விமானம் கட்டுபவர் இன்ஜின் தேர்ந்தெடுக்கும்போதும் கணக்கு இதேதான். விமானத்தில் தவறினால் விலை அதிகம், அவ்வளவுதான்.

பைக்கில் நாக்கிங் (கலவை தானாக வெடித்து எழும் தட்டல் சத்தம்) வந்தால் காதில் விழும், கியரைக் குறைப்போம். விமானத்தில் புரொப்பெல்லர் இரைச்சலில் அது கேட்கவே கேட்காது. கூடவே, ஏறும்போது பல நிமிடங்கள் முழு திராட்டில். ஹெட் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தால், கடைசியாக எரிய வேண்டிய கலவை தானாகவே வெடிக்கும். அந்த அதிர்வு பிஸ்டன் தலையை ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் போர்வையைக் கிழித்துவிடும். சூடு இன்னும் வேகமாக உலோகத்துக்குள் இறங்கும், நாக்கிங் இன்னும் கூடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

சரி, போட்டியாளர்கள். காற்றில் குளிரும் விமான இன்ஜினான லைகமிங் ஓ-320 இதற்கு நல்ல பாடம். அதே 5.2 லிட்டர், அதே 2700 சுற்று. 7:1 கம்ப்ரஷனில் 150 குதிரைத்திறன், 8.5:1-ல் 160. பத்துக் குதிரைக்காக அழுத்தத்தை இவ்வளவு கூட்டுகிறோம். எரிபொருள் சிக்கனம் கொஞ்சம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மீனம்பாக்கம் பக்கம் பறக்க நினைப்பவருக்கு நான் 150-ஐத்தான் சொல்வேன்.

ரோடாக்ஸ் 912 என்ற சின்ன விமான இன்ஜினில் ஏற்பாடு வேறு. ஹெட்டுக்குக் கூலன்ட், சிலிண்டர் உடம்புக்குக் காற்று. 80 குதிரைத்திறன் மாடல் 1.2 லிட்டர்தான், 9:1. 100 குதிரைத்திறன் மாடல் 10.5:1. காற்றில் மட்டுமே குளிரும் கான்டினென்டல் ஓ-200 அதே 100 குதிரையை 3.3 லிட்டரில், 7:1-ல், சாவகாசமாகத் தருகிறது. கனம்தான் அதன் குறை.

கூலன்ட் என்றாலே வெயிலுக்குப் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே நின்று கணக்குப் போட வேண்டும். காற்றில் குளிரும் ஹெட் 200 டிகிரியில் ஓடுகிறது என்று வையுங்கள். வெளியே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 185. சூட்டை வெளியே இழுப்பது இந்த வித்தியாசம்தான். சென்னை மே மாதத்து 40 டிகிரியில் அது 160, அதாவது ஏறக்குறைய 14 சதவீத இழப்பு. கூலன்ட் 110 டிகிரியில் ஓடினால் 95 ஆக இருந்த வித்தியாசம் 70 ஆகிவிடும். இழப்பு 26 சதவீதம்! இதற்கு மேல் 40 டிகிரியில் காற்றின் அடர்த்தியும் 8 சதவீதம் குறைவு, அது இரண்டுக்கும் பொது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. குளிர்நாட்டில் போதுமாக இருந்த ரேடியேட்டர் இங்கே போதும் என்று நம்பிவிடாதீர்கள்.

கூலன்ட்டின் உண்மையான பலம் வேறு. ஹெட் முழுவதும் சூடு சீராக இருக்கும். காற்றில் குளிரும் இன்ஜினில் பின் சிலிண்டர் மட்டும் தனியாக வெந்துகொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் இன்னும் மோசம். அதற்கு மருந்து, காற்றை வழிநடத்தும் பாஃபிள் தகடுகள். காற்று மேலிருந்து ஃபின்களின் (சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய விசிறித் தகடுகளின்) இடுக்கு வழியாக மட்டுமே கீழே இறங்க வேண்டும். ரப்பர் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில் ஓடிவிடும். ராத்திரி கவ்லிங்குக்குள் (இன்ஜினைச் சுற்றியுள்ள மூடி) ஒரு டார்ச்சைப் போட்டு வைத்து, பட்டறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் குளிர்ச்சி கசியும் இடம். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், பைசா செலவில்லை.

பெட்ரோல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நம் பங்க்குகளில் பொதுவாக வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 912-க்கு ரோடாக்ஸ் ஒப்புக்கொள்வது 10 வரைதான். ஆகவே பெரும்பாலும் ஏவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல்தான் வழி. 2022 முதல் இந்தியன் ஆயிலே அதை நாட்டுக்குள் தயாரிக்கிறது. ஆனால் அதிலுள்ள ஈயம் 912-ன் ஆயிலில் படியும், ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஓ-200-க்கும் ஈயம் அதிகம்தான். ஈயம் குறைந்த 80 ஆக்டேன் பெட்ரோல் காலத்து இன்ஜின் அது, பிளக்குகளில் படியும். அதைச் சமாளிப்பது எளிது.

என் தேர்வு: 100 குதிரை போதும், ஏர்ஃபிரேமும் (விமானத்தின் உடல்) கனத்தைத் தாங்கும் என்றால் ஓ-200. தாங்காதென்றால் 80 குதிரை 912, ரேடியேட்டரைச் சற்றுப் பெரிதாக, நல்ல டக்ட்டோடு (காற்றுக் குழாய்). 100 குதிரை 912-ஐ சென்னையில் முதல் விமானத்துக்கு நான் போடமாட்டேன்.

எதைப் போட்டாலும் முதல் கோடை முடிந்ததும் லீக் டெஸ்ட் செய்யுங்கள். லைகமிங், கான்டினென்டலுக்கு 80 பிஎஸ்ஐ காற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது வழக்கம். குறைந்தால் காதை வையுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில் உஸ் என்றால் வால்வு வெந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு.