பிரெஞ்சு வார்த்தைய அசையா உடைக்கலாமா, அர்த்தமா உடைக்கலாமா?

'தேஸாக்ரேயாப்ல்' எடுத்துக்கோங்க, பிடிக்காத, எரிச்சலூட்டுறன்னு அர்த்தம். அசைப்படி பிரிச்சா தே-ஸா-க்ரே-யாப்ல், ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா நிக்கிற மெய் பொதுவா அடுத்த அசைக்குப் போயிடும், அதனால முன்னொட்டோட 'எஸ்' பிஞ்சு அந்தப் பக்கம் ஒட்டிக்குது. அர்த்தப்படி பிரிச்சா தேஸ்+அக்ரே+ஆப்ல், எதிர்மறை முன்னொட்டு முழுசா நிக்கும்.

உச்சரிப்புக்கும் வரி கடைசில ஹைஃபன் போடவும் அசை போதும். ஆனா ஸ்பெல்லிங்குக்கு என் ஓட்டு ரெண்டாவதுக்கு தாங்க, ஏன்னா 'இனாபிதாப்ல்'னு (வாழ முடியாத இடம்) காதுல கேட்டா நடுவுல ஒரு எச் இருக்கிறதே தெரியாது, இன்+அபித்+ஆப்ல்னு பிரிச்சுப் பாத்தா தான் 'குடியிரு'ங்கிற வேரும் அது தலையில உக்காந்திருக்கிற ஊமை எச்சும் கண்ணுல படும்.