ஃபாஸ்டேக்: எடுப்பதில் வேகம், கொடுப்பதில் நிதானம்

டோல்கேட்டில் காசு நீட்டாமலே கட்டணம் கழிக்கும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கர், 2019 கடைசியில் கார் கண்ணாடியில் ஒட்டியது. அன்று முதல் சென்னைக்கும் மதுரைக்கும் நடுவே இதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: ஸ்டிக்கரில் குறையில்லை, அதைச் சுற்றியிருக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட்டில் சில்லறைக்காக நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று வரிசையாக எட்டு இடத்திலும் கண்ணாடியை இறக்காமலே போய்விடலாம். பண்டிகை நாட்களில் வரிசை இன்னும் நிற்கத்தான் செய்கிறது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை.

ஸ்டிக்கருக்குள் பேட்டரி எதுவும் கிடையாது. மேலே இருக்கும் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலேயே அந்தச் சின்ன சிப் உயிர்பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். டோல்கேட் கம்ப்யூட்டர் அதை அவர்களுடைய வங்கிக்கு அனுப்ப, அங்கிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகம் (என்பிசிஐ) வழியாக நமக்கு டேக் கொடுத்த வங்கிக்குத் தகவல் போய்ப் பணம் கழியும். ஆக, ஒரு டோல் கட்டணத்தில் நாலு பேர் கை படுகிறது. எல்லாம் சரியாக நடந்தால் நாலு பேரும் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். தப்பு நடந்தால் நாலு பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

கார் வீட்டு வாசலில் நிற்கும்போது, நான் போகாத ஒரு டோல்கேட்டில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. டேக் படிக்காத வண்டிக்கு ஊழியர் கையால் நம்பர் தட்டும்போது ஓர் எழுத்து மாறினால் போதும், இப்படி ஆகும். வங்கிக்குப் போன் போட்டேன். "டோல் பிளாசாலேர்ந்து பதில் வரணும் சார்" என்றார்கள். அந்த டோல்கேட்டில் கேட்டால் "உங்க பேங்க்கதான் கேக்கணும்." பணம் திரும்பி வந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கழிக்க ஆன நேரம் சில விநாடி, திருப்பித் தர ஆனது வாரக்கணக்கு. வண்டி வீட்டில்தான் நின்றது என்று நிரூபிக்க வேண்டியவனும் நான்தான். இந்த மாதிரித் தவறாகக் கழித்தால் வசூல் நிறுவனத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று நெடுஞ்சாலை ஆணையம் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் புகாரை எழுதுவதும், அதன் பின்னால் அலைவதும் இன்னும் நம் வேலைதான்.

அப்புறம், டேக்கை இயந்திரம் படிக்காதபோது வரும் இந்த "கொஞ்சம் பின்னாடி எடுங்க சார்" விவகாரம். பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், ஊழியர் கையில் ஒரு ஸ்கேனரோடு வெயிலில் வந்து கண்ணாடியைத் தடவுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாவம். இயந்திரத்தைச் சரிபார்த்து வைக்க வேண்டியவர் வேறு யாரோ. பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு: டேக் செல்லுபடியாகி, கணக்கில் பணமும் இருந்து, டோல்கேட் இயந்திரம் படிக்காவிட்டால் கட்டணம் இல்லாமல் விட வேண்டும், பூஜ்ஜியம் போட்ட ரசீதும் தர வேண்டும். 2018 முதல் இருக்கிறது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்த டோல்கேட்டை நான் பார்த்ததில்லை. டேக் இல்லாவிட்டால் இரட்டைக் கட்டணம் என்பது மட்டும் தூரத்திலிருந்தே தெரியும். (2025 நவம்பர் 15-ல் இதை, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கம் என்றால்தான் இரட்டிப்பு என்று மாற்றினார்கள்.)

விதிகள் வரும் விதம் இன்னொரு தலைவலி. 2025 ஜனவரி கடைசியில், வண்டி கடப்பதற்கு 60 நிமிடம் முன்பிருந்து, கடந்து 10 நிமிடம் வரை டேக் கருப்புப் பட்டியலில் (அதாவது முடக்கப்பட்டு) இருந்தால் பணம் கழியாது என்று கொடுப்பனவுக் கழகம் சுற்றறிக்கை விட்டது. வாட்ஸப் முழுக்கப் பீதி. பிறகு நெடுஞ்சாலை ஆணையம், அது வங்கிகளுக்குள் வரும் தகராறுக்கானது, பயணிகளைப் பாதிக்காது என்று விளக்கம் சொன்னது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கேஒய்சி, அதாவது நாம் யார் என்பதற்கான ஆவணம், ஒருமுறை கேட்டார்கள், கொடுத்தோம். அடுத்து வண்டியையே சரிபார்க்க வேண்டும் என்று ஆர்சியும் போட்டோவும் கேட்டார்கள். அதே ஆர்சியைக் கொடுத்துத்தானே டேக்கே வாங்கினேன்!

இனி அரசியல். ஒரே சாலையில், ஒரே திசையில் 60 கிலோமீட்டருக்குள் இரண்டு டோல்கேட் கூடாது என்பது 2008 கட்டண விதி. அதிலேயே விதிவிலக்குகளும் உண்டு. 2022 மார்ச்சில் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி மக்களவையில், அப்படி நெருக்கமாக இருப்பவற்றை மூன்று மாதத்தில் மூடுவோம் என்றார். பரனூருக்கும் ஆத்தூருக்கும் நடுவே 60 கிலோமீட்டர் வராது. இரண்டிலும் இன்றுவரை கட்டுகிறேன். மதுரைப் பக்கத்துத் திருமங்கலம் மக்கள் கப்பலூர் டோல்கேட்டை எடுக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்வரை அதை ஆதரிப்பது எந்தக் கட்சிக்கும் சுலபம்.

கப்பலூர் உட்பட நான்கு டோல்கேட்டுகளுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய் என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் தெரியவந்தது. அரசுப் பேருந்துகளை அங்கே விடக்கூடாது என்று உத்தரவானது, சில நாளில் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. பேருந்தை நிறுத்தினால் அவதிப்படுவது பயணிகள், ஆகவே நிறுத்திவைத்தது சரிதான். ஆனால் நம் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் அவகாசம் தர ஆளில்லை, கோடிக்கணக்கில் பாக்கி வைத்தால் பேச்சுவார்த்தை. எரிச்சலாக இருக்காதா?

2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஆண்டு பாஸ் மட்டும் எனக்கு உண்மையிலேயே பிடித்தது. வந்தபோது விலை 3000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 கடப்பு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். மதுரைக்குப் போய்வந்தால் 16 கடப்பு தீரும். மூன்று முறை போய்வந்தாலே போட்ட பணம் வந்துவிடும். ஆனால் தேசிய நெடுஞ்சாலை, தேசிய அதிவிரைவுச் சாலை டோல்களுக்கு மட்டும்தான். மாநில நெடுஞ்சாலை டோலில் வழக்கம்போலக் கழியும், எனவே கணக்கில் தனியாகப் பணம் இருக்கட்டும். சொந்த உபயோகக் கார்களுக்குத்தான் தருகிறார்கள். தினமும் இதே சாலையில் ஓடிப் பிழைக்கிற மஞ்சள் போர்டு டிரைவருக்கு இந்தச் சலுகை கிடையாது.