கூச்சமா, வெளித்தெரியாத ஆட்டிசமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் பண்டிகை நெரிசலில் துணிக்கடைக்குள் நுழையத் தயங்கி நிற்கும் இரு பெண்களையும் 'கூச்ச சுபாவம்' என்று ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். ஒருவருக்குச் சமூகப் பதற்றமும் மற்றவருக்கு ஆட்டிசமும் இருக்கலாம். சமூகப் பதற்றம் உள்ளவரை வாட்டுவது பிறர் தன்னை எடைபோடுவார்களோ என்னும் அச்சம். நெருங்கியவர்கள் நடுவே அது பெரும்பாலும் தணிந்துவிடும். ஆட்டிசம் உள்ளவருக்கோ, எதிரிலிருப்பவர் சொல்லாமல் உணர்த்துவதை முயன்று கணிக்க வேண்டியிருப்பதோடு, ஒலிபெருக்கியின் இரைச்சலும் விளக்குகளின் வெளிச்சமும் தாங்க முடியாதவையாக இருக்கலாம். பழகிய உறவினர் கூடும் கல்யாண வீட்டிலும் அந்தக் களைப்பு பலருக்குக் குறைவதில்லை. கண் பார்த்துப் பேசுவதையும் சிரிக்க வேண்டிய இடத்தையும் பிறரைக் கவனித்து மனப்பாடம் செய்துகொண்டவர்கள் வெளியே இயல்பாகத் தோன்றி, வீடு திரும்பியதும் பேச்சற்று ஒடுங்கிவிடுவதுண்டு. பெண்களிடம் ஆட்டிசம் கண்டறியப்படாமல் போவதற்கு இந்த மறைப்பும் ஒரு முக்கியக் காரணம். 'அடக்கமான பொண்ணு' என்னும் நம் பாராட்டும் அதற்குத் துணைபோகிறது என்பேன்.

சமூகப் பதற்றம் பெரும்பாலும் பதின்ம வயதையொட்டித் தலைகாட்டுகிறது. ஆட்டிசத்தின் கூறுகள் சிறு வயதிலேயே இருந்தாக வேண்டும் என்று கூறும் 2013-ஆம் ஆண்டின் டி.எஸ்.எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) வரையறை, சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவரது திறனை மீறும்வரை அவை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம் என்பதையும் ஏற்கிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது பதற்றத்துக்கு மட்டும் சிகிச்சை அளித்தால், இரைச்சல் தரும் வேதனை அப்படியே நீடிக்கும்.