டைம்லாப்ஸ் இன்குபேட்டர்: 30,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

நாங்கள் போன சென்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேலூரில் இருக்கிறது, அது போதும். அங்கே ஐ.வி.எப், அதாவது முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்கும் சிகிச்சை, அதன் பேக்கேஜுக்கு மேல் 30,000 ரூபாய் கட்டினால் கருவை டைம்லாப்ஸ் இன்குபேட்டரில் வளர்த்து வீடியோவும் தருகிறார்கள். கட்டினோம். அந்தக் காசு தகுமா என்பதை மட்டும் எழுதுகிறேன். குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில், அதனால் படத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாகக் கருவை இன்குபேட்டரில் வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். அடைகாக்கிற கோழியை எழுப்பிவிட்டு முட்டையைப் பார்க்கிற மாதிரி. டைம்லாப்ஸ் மெஷினில் கேமரா உள்ளேயே இருக்கிறது. 37 டிகிரி சூடு, வெளிக்காற்றில் இருப்பதில் கால்வாசி அளவுக்கு, அதாவது 5 சதவீதம் ஆக்சிஜன். இது எதுவும் கலையாமல் தட்டு உள்ளேயே இருக்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். லைட்டிங் எப்படி என்று கேட்டேன், தொழில் புத்தி போகுமா? மங்கலான சிவப்பு எல்.இ.டி, படம் எடுக்கும் கண நேரம்தான் எரியும் என்றார்கள். கரு உருண்டை என்பதால் ஒரே ஃபோகஸில் பின்பக்கத்துச் செல் தெரியாது, ஆகவே ஒவ்வொரு தடவையும் ஃபோகஸை நகர்த்திப் பல ஆழங்களில் எடுக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் ஐந்து நாளைக்கு 720 படம், நொடிக்கு 25 ஃப்ரேம் ஓட்டினால் அரை நிமிஷம்கூடத் தேறாது. 29 நொடி வீடியோவுக்கு 30,000 வாங்கினேன் என்றால் குடியாத்தத்தில் எந்த மண்டபத்திலும் என்னை உள்ளே விடமாட்டார்கள்.

வீடியோவைவிட அதை ஓட்டிக் காட்டிய எம்ப்ரியாலஜிஸ்ட் (லேபில் கருவை வளர்த்துக் கவனிப்பவர்) அம்மாதான் எங்களுக்குப் பெரிய லாபம். லேபிலிருந்து தலைக் குல்லாவோடு வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினார். முதல் நாள் முட்டைக்குள் இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்று என் பங்கு, ஒன்று என் மனைவியின் பங்கு. இரண்டும் கிட்டே வந்து, ஒட்டி நின்று, மங்கி மறைகின்றன. அப்புறம் உருண்டை நடுவில் இடுங்கி இரண்டாகிறது. மறுநாள் நான்கு, மூன்றாம் நாள் எட்டு. நான்காம் நாள் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஐந்தாம் நாள் உள்ளே நீர் சேர்ந்து உப்புகிறது, அதைத்தான் பிளாஸ்டோசிஸ்ட் என்கிறார்கள். உப்பியது திடீரென்று சுருங்கியதும் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பயப்படாதீங்கம்மா, சுருங்கி மறுபடி உப்பும், பாருங்க" என்றார். உப்பியது.

அதில் ஒரு கரு என் நினைவை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் எட்டுச் செல், எல்லாம் ஒரே அளவு, கண்ணுக்கு லட்சணம். அன்றைக்கு மட்டும் எட்டிப் பார்த்திருந்தால் அதற்குத்தான் முதல் மார்க் போட்டிருப்பார்கள். அந்த அம்மா ரீவைண்ட் செய்தார். ஒன்று இரண்டாகாமல் நேரே மூன்றாக உடைந்திருந்தது. அப்படி உடைந்தால் குரோமோசோம் சரியாகப் பங்கு பிரியாமல் போக வாய்ப்பு அதிகமாம். நான்காம் நாள் அது நின்றுவிட்டது. பக்கத்துக் குழியில் சோம்பேறி மாதிரி மெதுவாக வந்த ஒன்று பிளாஸ்டோசிஸ்ட் ஆனது. பின்னால் ஓட்டிப் பார்க்க முடிவதுதான் இந்த மெஷினின் பலம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுமா? கவுன்ட்டரில், "சான்ஸ் அதிகமாகும் சார்" என்றார்கள். லேப் அம்மாவிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார். பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2024இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்ததாம். டைம்லாப்ஸ் படத்தைப் பார்த்துக் கரு தேர்ந்தெடுத்தவர்களில் குழந்தை பிறந்தது 33.7 சதவீதம், வழக்கமான முறையில் 33.0. நெதர்லாந்தில் இதைவிடப் பெரிதாக நடந்த ஆய்விலும் வித்தியாசம் இல்லை. காரணமும் அவர்தான் சொன்னார்: மெஷின் முட்டையை நல்லதாக்காது, இருப்பதில் எதை முதலில் வைக்கலாம் என்றுதான் காட்டும். இரண்டு மூன்று கருதான் கிடைத்தது என்றால் வரிசை மாறுமே தவிர, கணக்கு மாறாது. தன் மெஷினைப் பற்றியே இப்படிப் பேசுகிறவரைக் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கலாம்.

கவுன்ட்டர் மேல்தான் என் கோபம். இந்த 30,000 பற்றி முதல் நாள் யாரும் பேசவில்லை. முட்டை எடுக்கும் நாள் காலையில், என் மனைவி பச்சை கவுன் மாட்டி, கையில் ஊசியோடு படுத்திருக்கும்போது ஃபாரத்தை நீட்டினார்கள். அந்த நேரத்தில் எந்தப் புருஷன் வேண்டாம் என்பான்? ஃபாரமும் முழுக்க ஆங்கிலத்தில். வீடியோவையாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? வாட்ஸ்அப்பில் நசுக்கி அனுப்பியது, நடுவில் சென்டர் லோகோ, பின்னணியில் தாலாட்டு மியூசிக் வேறு. ஒரிஜினல் கேட்டால் பென் டிரைவில் வைரஸ் வருமாம்.

வீடியோவைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பாதீர்கள், இது என் தனிப்பட்ட வேண்டுகோள். பேரணாம்பட்டு அத்தை அதை நாலு தடவை பார்த்துவிட்டு, "பையனா பொண்ணா, எங்க தெரியுது?" என்று போன் செய்தார். அது இதில் தெரியாது அத்தை, தெரிந்துகொள்ளக் கேட்பதே 1994ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்றேன். சட்டம் போட்டது யார் என்று அரைமணி நேரம் போனது.

ரிசல்ட் கேட்பீர்கள். முதல் டிரான்ஸ்பரில், அதாவது கருவைக் கர்ப்பப்பையில் வைத்ததில், அது தங்கவில்லை. அதற்காக மெஷினைத் திட்ட மாட்டேன். தங்கியிருந்தாலும் அதன் புண்ணியம் என்று சொல்லியிருக்க முடியாது. நகையை அடகு வைத்துத்தான் 30,000 புரட்ட வேண்டும் என்றால் வேண்டவே வேண்டாம், அந்தக் காசு அடுத்த டிரான்ஸ்பருக்கு ஆகும். கையில் இருக்கிறது, என்ன நடந்தது என்று பார்த்தால்தான் மனசு ஆறும் என்கிறவர்கள் போடலாம். ஆனால் எம்ப்ரியாலஜிஸ்ட் உட்கார்ந்து விளக்குவாரா என்று முதலிலேயே கேளுங்கள். விளக்க ஆள் இல்லையென்றால் 29 நொடி குமிழி வீடியோதான் மிஞ்சும்.

எங்களுக்கு ஃப்ரீஸ் செய்த கரு இன்னொன்று இருக்கிறது. ஆடி கழிந்ததும் போகிறோம். அதற்கு டைம்லாப்ஸ் சார்ஜ் கிடையாது என்று பில்லின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி, சீல் வைத்து வாங்கிவிட்டேன்.