பழைய பாத்டப்புக்கு ஆசிட் வாஷ் செய்யக் கொடுக்காதீர்கள்: குமரி மாவட்டப் பழைய வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். கூடவே பாத்ரூம் ஆசிட் வாஷ் செய்கிற ஆட்களும் தெருத்தெருவாக வருவார்கள். நாகர்கோவில், நெய்யூர், தக்கலைப் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும், கீரிப்பாறை, பாலமோர் எஸ்டேட் வீடுகளிலும் வார்ப்பிரும்பு பாத்டப்போ பழைய எனாமல் வாஷ்பேசினோ வைத்திருப்பவர்கள் அவர்களை உள்ளே விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வடசேரியில் ஒரு பழைய வீடு. தொட்டியில் குழாய்க்கு நேர் கீழே நாக்கு நீட்டியதுபோல் செம்பழுப்புக் கறை. வந்த இரண்டு பேரும், "ஒரு மணிக்கூர்ல புதுசு மாதிரி ஆக்கித் தாறோம்க்கா" என்றார்கள். கூலி 1,800 ரூபாய். லேபிள் இல்லாத வெள்ளை கேனிலிருந்து ஆசிட்டைத் தண்ணீர்கூடக் கலக்காமல் ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்தார்கள். கறை போனது, ஈரத்தில் தொட்டி பளபளத்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காய்ந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. ஆசிட் நின்ற இடமெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல் மங்கல். விரலால் தடவினால் வழுக்கவில்லை, சொரசொரவென்று இருந்தது. பத்தே நாளில் அதே கறை முன்னைவிட அகலமாக வந்தது.

எனாமல் என்பது பெயின்ட் இல்லை. கண்ணாடித் தூளை இரும்பின் மேல் படியவைத்து, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடித் தோல் அது. ஆசிட் வாஷுக்குப் பெரும்பாலும் ஊற்றுவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அது அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் போன்ற பொருள்களைக் கரைத்து இழுத்துவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த பரப்பு. ஈரமாக இருக்கும்போது துளைகளில் தண்ணீர் நிறைந்திருப்பதால் மினுங்கும். காய்ந்தால் மங்கும். அதன்பிறகு சோப்பு அழுக்கு, இரும்புத் தண்ணீர் எல்லாம் அந்தத் துளைகளில்தான் போய் உட்காரும். பழைய தொட்டிகள் பலவற்றின் எனாமல் ஆசிட் தாங்கும் வகையே இல்லை, எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்துவிடும். எங்காவது சில்லு பெயர்ந்திருந்தால் ஆசிட் அதன் வழியே இரும்புக்குள் இறங்கி, சுற்றியுள்ள எனாமலையும் தூக்கிவிடும்.

இரண்டாவது மோசடி இதைவிடப் பெரிது. புகார் சொன்னதும் வேறொரு ஆளை அனுப்பினார்கள். "எனாமல் ஏத்தித் தாறோம், பத்து வருஷத்துக்குப் பார்க்க வேண்டாம்" என்று 9,500 ரூபாய் வாங்கினார். வீட்டில் வைத்து எனாமல் ஏற்றவே முடியாது, அதற்குச் சூளை வேண்டும். அவர் அடித்தது இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி பெயின்ட். பெயின்ட் அடிப்பதும் தவறில்லை, முறையாக அடித்தால் சில வருஷம் தாங்கும். பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ஈரம் வைத்தே உப்புத்தாள் போட்டு, நன்றாகக் காயவிட்டு, ஒட்டுப் பிரைமர் அடித்து, அதன்மேல் மெல்லிசாகப் பூச்சுகள் போட்டு, குறைந்தது 48 மணி நேரம் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். இவர் துடைத்தார், அடித்தார், மறுநாள் குளிக்கலாம் என்றார். வெளியே வடகிழக்கு மழை பெய்துகொண்டிருந்தது. ஆறு வாரத்தில் வடிகால் வளையத்தைச் சுற்றிப் பால் ஆடைபோல் உரிந்து வந்தது.

உங்களிடம் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பின் மேல் எனாமல், ஒட்டாவிட்டால் பீங்கானாகவோ அக்ரிலிக், ஃபைபர் கிளாஸ் போன்ற பிளாஸ்டிக் வகையாகவோ இருக்கும். எனாமல் என்றால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு 15 நிமிடம் கழித்துக் கழுவித் துடையுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு ஈரத்துணியால் அழியுங்கள். அழியாமல் நின்றால் அது ஆசிட் தாங்காத எனாமல். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது.

அன்றாடத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெத்தென்ற ஸ்பாஞ்ச் போதும். படிந்த அழுக்குக்குச் சமையல் சோடாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, 15 நிமிடம் கழித்துத் தேய்க்கலாம். மஞ்சளித்துப் போன இடத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே அளவு தண்ணீர் கலந்து, சோடாவோடு குழைத்து அரை மணி நேரம் வைக்கலாம். செங்கல் பொடி, மணல், பச்சை ஸ்கிரப்பர் வேண்டாம். தேங்காய்த் தும்பில் மணல் ஒட்டியிருந்தால் அதுவும் கீறும். ஸ்டீல், அலுமினியப் பாத்திரம் உரசின கறுப்புக் கோடுகளைக் கீறல் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். உலோகம்தான் ஒட்டியிருக்கிறது, சோடாக் குழம்பு பெரும்பாலும் எடுத்துவிடும்.

இரும்புக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடுவது இங்கே பலரும் செய்கிற தப்பு. குளோரின் இரும்பை இன்னும் ஆக்சிஜனேற்றிக் கறையைக் கெட்டிப்படுத்தும். பென்சில் கோடு அழிந்த எனாமலுக்கு மட்டும், அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துப் பஞ்சில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றிக் கழுவலாம். அது விஷம், கையுறை கட்டாயம், பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. கோடு அழியாத எனாமல் என்றால் சோடாவால் போகிற அளவு போகட்டும். மிச்சக் கறையோடு இருக்கும் முழுத் தொட்டி, கறை போய் அரிபட்ட தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

கிரைண்டரில் பாலீஷ் போடுகிறேன் என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் வீட்டுக்குள் பறக்கக்கூடாது.

ஏற்கெனவே ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்றால் ஜன்னலைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றி, மறுபடி கழுவுங்கள். ஆசிட்டின் மேல் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. சில்லு பெயர்ந்த இடத்தைக் கடல்காற்று விடாது. துருவை ஈர உப்புத்தாளால் மெல்ல எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, எனாமல் ஒட்டுக்கான எபாக்ஸியை மெல்லிசாக இரண்டு முறை தடவி ஒரு நாள் காயவிடுங்கள்.

வடசேரி வீட்டில் அந்தக் கறைக்குக் காரணம் ஒழுகுகிற குழாய். உள்ளே தேய்ந்துபோன வாஷரை மாற்றிய பிறகு சொட்டு நின்றது. கறையும் மேற்கொண்டு பரவவில்லை. மங்கிய எனாமல் மட்டும் அப்படியே இருக்கிறது.