வலி சிகிச்சை மையத்தில் எட்டு வாரங்கள்: ஒரு மதிப்பீடு

மூன்று ஆண்டுகளாக நீங்காத இடுப்பு வலியோடும், இன்றைக்கு அது எந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளுமோ என்ற பதற்றத்தோடும் காலம் தள்ளிக்கொண்டிருந்த நான், கோயம்புத்தூரில் உள்ள ஒரு வலி சிகிச்சை மையத்தின் எட்டு வாரப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டு, நரம்புச் சோதனையும் செய்து முடித்த பிறகே மருத்துவர் என் எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜவ்வு தேய்ந்திருப்பது உண்மைதான் என்றும், ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வில் இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் இந்தத் தேய்மானம் காணப்பட்டது என்றும் சொன்னார். மூன்று ஆண்டுகளாக அந்தப் படத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு பயந்திருந்த எனக்கு, இதை யாரும் முன்பே சொல்லவில்லையே என்று கண் கலங்கிவிட்டது.

மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலியில் மூளையின் பங்கு பெரிது என்பதுதான் இங்கு அளிக்கப்படும் சிகிச்சையின் அடிப்படை. உடலிலிருந்து வரும் செய்தி ஆபத்தானதா என்று தீர்மானிப்பது மூளைதான். அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா முதலிய பகுதிகள் ஓயாமல் விழிப்பாக இருந்தால், சாதாரண அசைவும் வலியாகவே உணரப்படும். வலி பதற்றத்தைக் கூட்ட, பதற்றம் தசைகளை இறுக்கி, மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடக்கூடும். உறவினர்கள் "எல்லாம் மனசுதான்" என்று சொன்னபோது கூசிப்போயிருந்த நான், அப்படியானால் என் வலி கற்பனையா என்று கேட்டேன். "வலி முழுக்க உண்மை அம்மா, அது உருவாகும் விதத்தைத்தான் சொல்கிறேன்" என்றார் மருத்துவர்.

மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் தரையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து, குனிந்து எடுக்கச் சொன்னார். நான் எடுத்து நிமிர்ந்ததும், "கை டம்ளரைத் தொடுவதற்கு முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள்" என்றார். மூச்சை விட்டபடி, இது ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பத்து முறை எடுத்தேன். ஏழாவது முறைக்கு மேல் இடுப்பு இறுகவில்லை. வலி நாட்குறிப்பைப் புரட்டியபோது, விடுதியில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழுத நாள்களிலெல்லாம் வலியின் மதிப்பெண் எட்டைத் தொட்டிருந்ததையும் கண்டேன்.

அமெரிக்காவின் போல்டரில் 151 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் வலி முற்றிலுமோ பெரும்பாலுமோ நீங்கப்பெற்றனர். வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தவர்களில் அது 10 விழுக்காடு. ஆனால் முதுகைவிடக் காலில் வலி மிகுந்தவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதை மருத்துவரே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு வலி ஏழிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. சென்ற மாதம் பழனிக்குப் பேருந்தில் உட்கார்ந்தபடியே போய்வந்தேன்.

குறைகளும் உண்டு. ஆலோசனை அறைகளுக்கு இடையே திரைச்சீலை மட்டுமே இருப்பதால், மனத்தில் உள்ளதைச் சொல்ல வாய் வருவதில்லை. தொடர் ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் என்பதை நான்காம் வாரத்தில்தான் தெரிவித்தார்கள். இவற்றைவிட வருத்தமானது, பயிற்சித் தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பது. என்னோடு சேர்ந்த அறுபது வயதுத் தறித் தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு வாரமும் தம் தாளை என்னிடம் கொடுத்து எழுதச் சொல்வார். நான் போகாத ஆறாம் வாரத்தில் அவருடைய தாள் வெறுமையாகவே இருந்தது. தமிழில் தாள் வேண்டும் என்று வரவேற்பறையின் கருத்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்.